செயலாளரின் ஆண்டறிக்கை: ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியோருக்கான உதவிப் பணி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்குக் கொடையாளியிடமிருந்து ஸ்டெம் செல் (ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்கள்) மாற்றிக்கொண்டு வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் திரும்பியவர்களிடம் இவ்வாண்டு நாம் அதிகம் பேசியது காய்ச்சலைப் பற்றித்தான். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் நடுராத்திரியானாலும் வண்டியைக் கூப்பிட வேண்டும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருந்தால், சூடு இறங்கினாலும் ரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மருந்தின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை. கொடையாளியின் அணுக்கள் உடலைத் தாக்காமல் அடக்கி வைக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளை எடுப்பவர்கள் அன்று காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு கொண்டுபோக வேண்டும். முந்தின இரவு 8 மணிக்குப் போட்டிருந்தால், காலை 8 மணியை ஒட்டி ரத்தம் கொடுத்த பிறகே அடுத்தது. பழக்க தோஷத்தில் போட்டுக்கொண்டு போனால் அளவு கூடுதலாகத் தெரியும், மருத்துவர் மருந்தைக் குறைப்பார். அப்புறம் கொடையாளியின் அணுக்கள் தோல், குடல், ஈரல் என்று தாக்கத் தொடங்கும். பம்பளிமாஸ் பழமும் இம்மருந்துகளின் அளவை ஏற்றிவிடும்.

பழைய சோறும் காய்ச்சாத பதநீரும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். கருப்பட்டி காய்ச்சியதுதானே என்று கேட்டவர்களுக்கு, சுத்தமாக வைத்திருந்தால் சரி என்றோம். பனையோலைக் கூரை பிரிக்கும்போது நோயாளி வீட்டில் இருக்கவே கூடாது. மக்கிய ஓலைத் தூசியில் உள்ள பூஞ்சை நுரையீரலில் இறங்கினால் மீட்பது கடினம். வெயில் தோல் பாதிப்பைக் கிளறும். வலை உலர்த்தக் கரைக்குப் போவோர் முழுக்கைச் சட்டை இல்லாமல் போகிறார்கள். இதை இன்னும் நம்மால் மாற்ற முடியவில்லை.

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொடைச் சதை கரையும். தரையில் உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் அதுதான் முதல் அடையாளம். சுவரோடு சேர்த்துப் போட்ட நாற்காலியில், கையை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காரச் சொல்லி, வாரவாரம் கூட்டினோம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மிகக் குறைந்த நாட்களில் இது கிடையாது.

உள்ளூரில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தமே வேண்டும் என்பதையும், நோயாளியின் ரத்த வகை கொடையாளியின் வகைக்கு மாறியிருக்கலாம் என்பதையும் அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் போய்விடுவதால் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். அம்மைத் தடுப்பூசி போன்ற, உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசிகள் 2 ஆண்டு கழிவதற்கு முன் கூடாது.

ரயில் கட்டணச் சலுகைக்கு மருத்துவமனைச் சான்றிதழ் அவசியம். படிவம் சங்க அலுவலகத்தில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்