மூன்று சுழி ண

அம்பாசமுத்திரம்,
16.11.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

தீபாவளி கழிந்த வாரத்தில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே மழை நன்றாகப் பிடித்துவிட்டது. பிசானத்துக்கு நடவு முடிந்து பயிர் பச்சை கட்டி நிற்கிறது. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறது, மற்றபடி சுகம்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நாலைந்து முறை படித்தேன். "எழுத்துக்கூட்டத் தெரியாத பையனை எட்டாம் வகுப்பு வரை தள்ளித் தள்ளி விட்டது வாத்தியார்கள் நீங்கள். அவன் வெளியே வந்து விழுந்த இடம் எங்கள் போலீஸ் ஸ்டேஷன்" என்று எழுதியிருந்தாய். தேர்வு இருந்தால்தான் படிப்பான், பயம் இருந்தால்தான் ஒழுங்காக இருப்பான் என்றும் எழுதியிருந்தாய். பாளையங்கோட்டை விடுதி அறையில் தொடங்கிய சண்டை இது. நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்றும் தேர்தலன்று நீ தாமரைக்கும் நான் அரிவாள் சுத்தியலுக்கும் ஓட்டுப் போட்டுவிட்டு, அன்று மாலையே தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். வழக்கமாக இப்படிப்பட்ட கடிதத்துக்கு அன்று இரவே உட்கார்ந்து பதில் எழுதிவிடுவேன். இந்த முறை இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. உன் கடிதம் வந்த அதே வாரம், நீ எழுதிய அந்தப் பையனே என் வீட்டு வாசலுக்கு வந்தது போல ஒன்று நடந்தது.

பீடி சுற்றும் ஓர் அம்மா காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள்ளிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினார். ஒன்று எஃப்.ஐ.ஆர். நகல். இரு சக்கர வாகனத் திருட்டு. மகனுக்கு வயது 19. இன்னொன்று அவனுடைய எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ். அதைத் தலைமை ஆசிரியராக நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேல் வகுப்புக்குப் போகத் தகுதி உடையவரா என்ற இடத்தில் "ஆம்". நடத்தை என்ற இடத்தில் "நன்று". கீழே என் கையெழுத்தும் பள்ளி முத்திரையும். எட்டாம் வகுப்பு முடித்தது 2020.

அந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் அரசாணை வந்தது. 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். உனக்குத் தொலைபேசி செய்து வெற்றி என்று கொண்டாடினேன். நான் கொண்டாடிய அன்று இந்தப் பையன் என் பள்ளியில் எட்டாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகள் மூடின. ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள். அந்த வருடக் கடைசியில் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்து, பத்தாம் வகுப்புக்கு ஏற்றப்பட்டான். அப்போது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான் என்று அவன் அம்மா சொல்கிறார். பள்ளிப் பதிவேட்டில் வகுப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, பையன் அங்கே இல்லை.

ஆகஸ்டில் கைது. பதினெட்டாம் நாள் ஜாமீன் கிடைத்துவிட்டது, மாப்பிள்ளை. ஆனால் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், சொந்த வீட்டு வரி ரசீது வேண்டும். வாடகை வீட்டில் பீடி சுற்றுகிறவருக்கு யார் வருவார்கள்? ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் ஐம்பத்து மூன்று நாள் உள்ளே இருந்திருக்கிறான். வக்கீல் கேட்டது பணம் இல்லை, ஆள். அந்த ஆள் கிடைக்காமல்தான் அந்த அம்மா கடைசியில் பழைய வாத்தியாரைத் தேடி வந்தார்.

நான் ஒரு ஜாமீன். இன்னொருவர் எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. "முட்டை போடுகிற நாளில் அவன் வராமல் இருந்ததில்லை சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வரி ரசீதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

நிபந்தனை ஜாமீன் என்பதால் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் நானும் கூடப் போனேன். உன் துறையைப் பற்றி நான் குறையாகவே எழுதுவேன் என்று நீ சொல்வாய். அதனால் இதையும் எழுதுகிறேன். அங்கிருந்த ஏட்டு என்னை உட்காரச் சொல்லி நாற்காலி நகர்த்தினார். பையனை ஒரு வார்த்தை அதட்டவில்லை. பதிவேட்டைத் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தார். பையன் எழுதத் தொடங்கினான். அவன் பெயரில் ஒரு ண இருக்கிறது. இரண்டு சுழி போட்டான். பேனாவைத் தூக்கினான். மூன்றாவது சுழி உண்டா, இல்லையா என்று தெரியாமல் அப்படியே நின்றான். மேசை விளிம்பில் ஊன்றியிருந்த இடது கைவிரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஏட்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில் இரண்டு சுழியோடு விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனான்.

எட்டு வருடம் என் பள்ளியில் படித்த பையன் அவன். உன் குற்றச்சாட்டு அந்த மேசையில் எழுதி வைத்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன். யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டத்தை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அதே சட்டம் எங்கள் மேல் வைத்த மற்ற பொறுப்பை, வயதுக்கேற்ற கல்வியை அவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை, நாங்கள் செய்யவில்லை. எழுத்துத் தெரியாமல் வந்த பையனை அடுத்த வகுப்பு வாத்தியார் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். "எண்ணும் எழுத்தும்" என்று ஒரு திட்டம் 2022இல் வந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதற்காக. நான் ஓய்வு பெற்ற வருடம் அது. இருபது வருடத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது.

ஆனால் நீ சொல்லும் மருந்தை நான் ஏற்கமாட்டேன். 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது: ஐந்திலும் எட்டிலும் தேறாதவனுக்கு இரண்டு மாதம் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்து மறுதேர்வு வைப்பது, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்துவது. தமிழ்நாடு அதைப் பின்பற்றப்போவதில்லை என்று சொன்னதும் நீ கொதித்தாய். மாப்பிள்ளை, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃபெயில் போடுவது உண்டு. நானே போட்டிருக்கிறேன். ஃபெயிலான பிள்ளை ஜூன் மாதம் மறுபடி வந்து அதே பெஞ்சில் உட்காருவான் என்பது கோயம்புத்தூரில் இருந்து பார்க்கும்போது தோன்றுவது. எங்கள் பக்கம் அவன் ஆடு மேய்க்கப் போனான். பெண் பிள்ளையாக இருந்தால் பீடி இலை வெட்ட உட்கார்ந்தாள். இந்தப் பையனை ஐந்தாம் வகுப்பில் நிறுத்தியிருந்தால் ண கற்றிருக்கமாட்டான். மூன்று வருடம் முன்னாலேயே பிசிறு வெட்டப் போயிருப்பான், அவ்வளவுதான். அவனுக்குத் தேவைப்பட்டது மூன்றாம் வகுப்பில் தினம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற ஓர் ஆள். ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார் இருந்துகொண்டு, அவர்களும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவதில் பாதி நாளைக் கழித்தால் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? இதற்குச் செலவழிக்க வேண்டிய, சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம் 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக டெல்லி நிறுத்தி வைத்ததே, அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அந்த ஒப்பந்தத்தோடு வரும் தேசியக் கல்விக் கொள்கையை வைத்து, மும்மொழியா இருமொழியா என்று நாம் சாகும்வரை சண்டை போடலாம். அந்தச் சண்டைக்குப் பிள்ளைகளைப் பணயம் வைப்பது சரியா என்று நீ உன் கட்சிக்காரர்களிடம் கேட்க வேண்டும். நானும் என் பக்கத்தில் கேட்கிறேன். பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை இந்த ஆண்டு மாநிலக் கல்விக் கொள்கை நீக்கியபோது எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் எதிர்த்துப் பேசினேன். தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டையே மனப்பாடம் செய்ய வைத்த காலத்தைப் பார்த்தவன் நான்.

இனி உன் துறை. புதிய குற்றவியல் சட்டங்களை நான் முழுசாகத் திட்டித் தீர்த்தேன் என்று எழுதியிருந்தாய். போன வருடம் ஜூலை 1 அன்று அவை அமலுக்கு வந்தபோது சமஸ்கிருதப் பெயர்களைப் பார்த்த எரிச்சலில் உள்ளே படிக்கவில்லை. அது என் தவறு. இப்போது இந்தப் பையனுக்காகப் படித்தேன். ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை கிடையாது, சமூக சேவைதான் தண்டனை. நல்ல பிரிவு. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது அதைவிட நல்ல பிரிவு. முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவன் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விட்டுவிட வேண்டும் என்கிற, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கணக்குப் பார். இந்தத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒரு வருடம். அதுவும் இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. பிடிபட்ட பையன் தலையில் துப்புக் கிடைக்காத பழைய வழக்கையும் ஏற்றிக் கணக்கை முடிக்கும் வழக்கத்தை எனக்குச் சொன்னதே நீதான். இவன் மேலும் இரண்டாவதாக ஒன்று ஏறியிருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே போகாதவனைப் பற்றிச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறையிலிருந்து தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. இவன் விஷயத்தில் அந்த ஏழு நாளும் வந்து போயின, ஒரு மாதமும் வந்து போனது. 2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். பயம் இருந்தால் ஒழுங்கு வரும் என்கிறாய். செய்த தப்புக்கு இன்ன தேதியில் இன்ன தண்டனை என்று தெரிந்தால் பயம் வரும். தேதியே தெரியாமல் அடைத்து வைத்தால் வருவது வெறுப்புத்தான். அந்த எழுபத்தோரு நாளில் உள்ளே யார் யாரிடம் என்னென்ன கற்றுக்கொண்டான் என்று அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

அடிக்காமல் எவனும் உண்மை சொல்லமாட்டான் என்று ஒரு காலத்தில் நீ வாதாடுவாய். 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் இறந்த செய்தி வந்த இரவு, நீ என்னை அழைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தாய். நானும் பேசவில்லை. மறுநாள் ஏதாவது வாதம் வைப்பாய் என்று எதிர்பார்த்தேன். அந்த ஸ்டேஷனில் இருந்த பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் உண்மையைச் சொன்ன செய்தி வந்த பிறகுதான் மறுபடி அழைத்தாய். "அந்தப் பிள்ளைதான் போலீஸ்" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பழைய வாதத்தை உன் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. இந்த ஜூனில் திருப்புவனத்தில் 27 வயதுக் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோது எனக்கு முன்னால் நீயே கடிதம் எழுதினாய். அந்தக் கடிதத்தைத் தனியாக வைத்திருக்கிறேன்.

நாங்குநேரி விஷயத்தில் மட்டும் நீ என்னைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். 2023இல் அங்கே பள்ளிக்கூடத்துப் பையன்களே சாதி வெறியில் இன்னொரு பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு கொடுத்த அறிக்கையில் நெற்றியில் வைக்கும் அடையாளமும் வேண்டாம் என்று இருந்ததற்கு நீ கோபப்பட்டாய். திருநீறு பூசி வருகிற பிள்ளையால் எந்த வகுப்பிலும் இரத்தம் சிந்தியதில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையில் கட்டும் சாதிக் கயிறு வேறு. நிறத்தைப் பார்த்து எவன் எந்தத் தெரு என்று பெஞ்சுக்கு பெஞ்சு பிரிந்து உட்கார்ந்ததை முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். ஒரு பகுதியைப் பிடிக்கவில்லை என்பதற்காக முழு அறிக்கையையும் தூக்கிப் போடாதே. வெட்டுப்பட்ட அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான்.

பையன் இப்போது தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என் திண்ணைக்கு வருகிறான். கூப்பிட்டது நான்தான், இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் வந்தான். தினத்தாளில் கிரிக்கெட் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தலைப்பை எழுத்துக்கூட்டுகிறான். பெரிய எழுத்தில் இருப்பதால் அதுதான் முதலில் வருகிறது. போன புதன்கிழமை ஸ்டேஷனில் மூன்று சுழியும் போட்டிருக்கிறான். அங்கிருந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். செய்த திருட்டை அவன் மறுக்கவில்லை. அதற்குத் தண்டனை வரட்டும். இரண்டாவது வழக்கைத்தான் மறுக்கிறான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சிபாரிசு இல்லை. அங்குள்ள இன்ஸ்பெக்டர் உன்னிடம் வேலை பழகியவர் என்று சொன்னாய். இவனை விடச் சொல்லிக் கேட்காதே. குற்றப்பத்திரிகையைச் சீக்கிரம் தாக்கல் செய்யச் சொல். இரண்டாவது வழக்கில் என்ன சாட்சியம் இருக்கிறது என்று ஒரு முறை பார்க்கச் சொல். இருந்தால் நடத்தட்டும்.

பொங்கலுக்குத் தங்கச்சியோடு கட்டாயம் வந்துவிடு. மாடி அறை காலியாக இருக்கிறது. ஏற முடியாவிட்டால் கீழேயே படுக்கை போட்டுவிடலாம். வரும்போது பெரிய எழுத்துப் புத்தகம் இரண்டு வாங்கி வா. உன் பேத்தி படித்து முடித்த ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வேண்டாம். அணில் படமும் ஆடு படமும் போட்டதைக் கையில் வைத்திருக்க அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. யாராவது தெருவில் வந்தால் தினத்தாளுக்கு அடியில் ஒளித்துவிடுகிறான்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்