மடித்தால் வரும் 36

அன்புள்ள பாப்பாவுக்கு,

4×4 கட்டப் பலகையில் மணலைப் போட்டுச் சரியவிடும் மணற்குவியலில், திரும்பத் திரும்ப வரும் சமச்சீரான நிலைகளை எண்ணினால் 36 வருகிறது, புரோகிராமில் எங்கோ பிழையோ என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை, 36 சரிதான். ஆனால் விடை வந்துவிட்டது என்று மூடி வைத்துவிடாதே. ஏன் 36 என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் 2×2-ஐக் கையால் போட்டுப் பார். ஒரு கட்டத்தில் 4 மணிகள் சேர்ந்தால் நாலு பக்கமும் ஒவ்வொன்றாகச் சரியும். ஓரம் தாண்டியது போனதுதான். கட்டத்துக்கு 0 முதல் 3 வரை என்றால் மொத்தம் 256 நிலைகள். மணலைப் போட்டுக்கொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப வருபவை அதில் 192. இடம் வலம், மேல் கீழ் இரண்டிலும் சமச்சீர் வேண்டுமானால் நாலு கட்டத்திலும் ஒரே எண்தான். ஒரு நிலை திரும்பத் திரும்ப வருவதா என்று அறிய இப்போது இயற்பியலாளர் தீபக் தாரின் எரிப்புச் சோதனை: வெளிப்புறம் பார்த்த ஒவ்வொரு பக்கம் வழியாகவும் ஒரு மணியை உள்ளே விடு. ஒவ்வொரு கட்டத்திலும் 2 கூடும். எல்லாக் கட்டமும் ஒரே முறை சரிந்து பழைய நிலைக்கே வந்தால் தேறியது. எல்லாம் 2 என்றால் 4 ஆகி, ஒவ்வொன்றும் ஒரே முறை சரிந்து, பழையபடி 2-க்கே வந்துவிடும். எல்லாம் 1 என்றால் 3-லேயே நின்றுவிடும், சரியாது. 2-ம் 3-ம் மட்டுமே தேறுகின்றன. ஆக, இரண்டு நிலைகள்.

2×2 பலகையை, இரண்டு கட்டத்தை மூடும் டாமினோக் கட்டைகளால் நிரப்பவும் இரண்டே வழிதான். 4×4 பலகைக்கு 36 வழி! இரண்டு பக்கமும் இரட்டைப்படையான எந்தச் செவ்வகத்துக்கும் இந்த இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகவே வரும். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைப் பார். சமச்சீர் என்றால் கால் பங்கு போதும். 4×4-ஐ இரு முறை மடித்தால் கையில் நாலே கட்டம். மடிப்பைத் தாண்டிப் போகும் மணி, பிம்பத்திலிருந்து அப்படியே திரும்பி வருகிறது. அதனால் ஒரு கட்டம் சரியும்போது உண்மையில் இழப்பது மூலைக்கு 4, ஓரக் கட்டங்கள் இரண்டுக்கும் 3, நடுவில் உள்ளதற்கு 2. இவற்றை மூலைவிட்டத்தில் வைத்து, அடுத்தடுத்த கட்டங்களுக்கு −1, மற்றதற்கு 0 போட்டு அணிக்கோவையைக் கண்டால் 36. திரும்பத் திரும்ப வரும் நிலைகளின் எண்ணிக்கை இந்த அணிக்கோவைதான் என்று தார் 1990-இல் காட்டினார். கிர்க்காஃபின் தேற்றப்படி இது, கட்டங்களையும் வெளியையும் சுற்று விழாமல் இணைக்கும் மரங்களின் எண்ணிக்கையும்கூட.

நாலு கட்டங்களையும் வெளியையும் புள்ளிகளாக வை; அடுத்தடுத்த கட்டங்களுக்கு ஒரு கோடு, வெளிப்புறம் பார்த்த ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளிக்கு ஒரு கோடு. அந்தப் படத்தை வரைந்து எண்ணு. வெளியை விட்டால் நாலு புள்ளி, எட்டுக் கோடு, வெளி முகத்தை விட்டால் நாலு முகம் (கோடுகள் சூழ்ந்த பகுதி). மொத்தம் 16. பலகையிலும் கட்டங்கள் 16! கணித இயற்பியலாளர் டெம்பர்லி காட்டிய வழியில் போனால் ஒவ்வொரு மரமும் ஒரு டாமினோ அடுக்காக மாறிவிடுகிறது. கால் பங்காக மடித்தது முழுப் பலகையாக விரிகிறது.

அடுத்து 8×8 செய். உன் முறைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தால் 400 கோடிக்கு மேல் நிலைகள் வரும், வேண்டாம். மடித்து, 16 வரிசை அணிக்கோவையாகப் போடு. டாமினோ அடுக்குகளை எண்ண 1961-இல் கஸ்டலைனும், டெம்பர்லியும் ஃபிஷரும் கண்ட சூத்திரம் 12988816 என்கிறது. உனக்கும் அதே வருகிறதா பார்த்துவிட்டு போன் பண்ணு. அம்மாவும் உன் குரலைக் கேட்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா