கோயாசான் மலையில் அம்மாவோடு நடந்தவர்களுக்கு நன்றி

ஜப்பானில் புத்த மடங்கள் நிறைந்த மலையான கோயாசானில் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

காஞ்சிபுரத்திலிருந்து முழங்கால் வலியோடு வந்த ஓர் அம்மாவும் அவருடைய மகளும் எழுதும் மடல் இது. எழுதுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து "அந்த டிரைவர் தம்பியை விட்டுட்டியே" என்று திருத்தம் சொல்வது அம்மா. கிளம்புவதற்கு முன் ஒரு பயண ஏற்பாட்டாளர், "அந்த மலை பெரியவங்களுக்குச் சரிப்படாதுங்க, கியோட்டோ பார்த்துட்டுத் திரும்பிடுங்க" என்றார். அவர் ஒருவர் நீங்கலாக, வழியில் பார்த்த எல்லோருக்கும் எங்கள் நன்றி.

முதலில் ஒசாகாவில் இருக்கும் என் தோழியின் தம்பிக்கு. கோயில் விடுதியில் இடம் பிடித்ததும், நம்பா நிலையத்தில் எங்களை ரயிலேற்றியதும் அவர்தான். "அக்கா, நவம்பர்ல மேல குளிர் எலும்பைத் தொடும்" என்று தன் மாமியாரின் கம்பளிக் கோட்டை அம்மாவுக்கு மாட்டிவிட்டார். மலை ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். கோட்டு இல்லாமல் போயிருந்தால் அம்மா அறையை விட்டே வந்திருக்க மாட்டார்.

கொக்குராக்குபாஷியில் ரயில் நின்றுவிடும். அங்கிருந்து பழனி விஞ்ச் போல ஒரு கேபிள் கார், ஐந்தே நிமிடத்தில் 300 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறது. அதன் நடைமேடையே படிக்கட்டுதான். அம்மா ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து இறங்கியபோது, வெள்ளைக் கையுறை போட்ட ஓர் ஊழியர் பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பிடிக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஒரு படி கீழே நின்றபடி அம்மாவின் வேகத்துக்கே இறங்கினார். மேல் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலை பேருந்துக்கு மட்டும்தான், நடக்க அனுமதியில்லை. அம்மா உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்த பிறகே அந்த ஓட்டுநர் வண்டியை எடுத்தார். இதோ, அவரையும் எழுதிவிட்டேன்.

பேருந்து ஊருக்குள் நுழையும் இடத்தில் பெண்கள் மண்டபம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் பெண்களுக்கு அதுதான் எல்லை. மலையைச் சுற்றி ஏழு வாசல்களிலும் இப்படி ஒவ்வொன்று இருந்ததாம், இப்போது மிஞ்சியது இது மட்டும். பெண்கள் உள்ளே போக முடியாமல், வாசலுக்கு வாசல் மலையை வெளியிலேயே சுற்றி வந்து கும்பிட்டிருக்கிறார்கள். 1872-ல் அரசு தடையை நீக்கிய பிறகும் இந்த மலை உடனே வழிவிடவில்லை. விவரத்தைக் கேட்ட அம்மா, "அவங்க பேரைச் சொல்லியும் நான் உள்ளே போறேன்" என்றார்.

கோயில் விடுதியின் இளந்துறவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வாசலில் அம்மா செருப்பைக் கழற்றக் குனிந்ததை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் காலை 6 மணி வழிபாட்டுக்குப் போனால், பாயில் எல்லோரும் மண்டியிட்டிருக்கும் வரிசையிலேயே ஒரு குட்டை நாற்காலி தயாராக இருந்தது. ஓரமாக ஒதுக்கிப் போடாமல் வரிசையிலேயே போட்டிருந்ததைத்தான் அம்மா ஊருக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வழிபாடு முடிந்ததும் அந்தத் துறவி, தங்கள் பௌத்தப் பிரிவின் எட்டுக் குருமார்களின் படங்களைக் காட்டினார். கடைசியில் இருப்பவர், 816-ல் இந்த மலையைப் பெற்று மடம் அமைத்த கூக்காய். அவருடைய குரு சீனத்து ஹுய்குவோ, ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர், அவருக்கும் குரு வஜ்ரபோதி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிச் சீனா போனவர். பல்லவர் காஞ்சியோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்பார்கள். நாங்கள் காஞ்சிபுரம் என்றதும் துறவி அந்தப் படத்துக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். "நம்மூர்க்காரர் எனக்கு முன்னாடியே வந்துட்டாரா!" என்றார் அம்மா.

சமையற்கட்டில் இருந்தவர்களுக்குத் தனி நன்றி. கடற்பாசியும் காளானும் ஊறிய சாறு, எள்ளை அரைத்துச் செய்த வழவழப்பான தோஃபு, இந்த மலையின் பெயரையே கொண்ட உலர்ந்த தோஃபு. பூண்டு, வெங்காய வாசமே இல்லை. அம்மா வாயைத் திறந்து பாராட்டினார், அது எங்கள் வீட்டில் அபூர்வம். இருந்தாலும் பையிலிருந்து பருப்புப் பொடி டப்பா வெளியே வந்துவிட்டது. துறவியிடம் காட்டி அனுமதி கேட்டார். அவர் ஒரு சிட்டிகை வாங்கி வெறும் வாயில் போட்டுக்கொண்டார். காது மடல் வரை சிவந்தும் முகம் சிரித்தபடியே இருந்தது. சரியான சாமியார்!

அப்புறம் அந்தப் பெரியவர். கூக்காயின் சமாதி இருக்கும் பெரிய கல்லறைத் தோட்டமான ஒக்குநோயினுக்குப் போக, பேருந்தில் கொஞ்சம் தூரம் சென்று இறங்கினால் நடை பாதியாகக் குறையும் என்று துறவி வரைபடத்தில் கோடு போட்டே கொடுத்திருந்தார். அம்மா கேட்கவில்லை. இச்சிநோஹாஷி பாலத்திலிருந்து முழு இரண்டு கிலோமீட்டரும் நடப்பேன் என்றார். வானத்தை மறைக்கும் தேவதாரு போன்ற மரங்கள், இருபுறமும் பாசி படிந்த கல்லறைகள். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. வெள்ளை உடையும் கோரைத் தொப்பியுமாக வந்த ஒரு பெரியவர், ஒன்றும் கேட்காமல் தன் கைத்தடியை நீட்டினார். ஷிக்கோக்குத் தீவின் 88 கோயில்களையும் சுற்றி முடித்துவிட்டு, கூக்காயிடம் நன்றி சொல்ல வந்தவர் என்று கைப்பேசி மொழிபெயர்ப்பில் தெரிந்துகொண்டோம். அந்தத் தடி அவர்களுக்கு வெறும் தடி அல்ல, கூக்காயே கூட வருவதாகத்தான் கணக்கு. அதை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கூடவே நடந்தார்.

சமாதிக்கு முன்னால் இருக்கும் கொபியோபாஷி பாலத்துக்கு அப்பால் படமெடுக்கக் கூடாது, தொப்பியும் கூடாது. 835-ல் தியானத்தில் அமர்ந்த கூக்காய் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்பது நம்பிக்கை. தினமும் இரண்டு வேளை உணவு போகிறது. பாலத்தின் மேல் தடியை ஊன்றுவது யாத்ரீகர் வழக்கம் இல்லையாம். பெரியவர் தொப்பியைக் கழற்றினார், தடியைத் தன் இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது முழங்கையை அம்மாவிடம் நீட்டினார். 36 பலகைகளையும் அம்மா அந்தக் கையைப் பிடித்தபடியே கடந்தார்.

ஐயா, உங்கள் பெயரையோ ஊரையோ நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால், அம்மா உங்களுக்காகக் குமரக்கோட்டத்தில் அர்ச்சனை செய்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விடுதிக்கு, ஒசாகாத் தம்பி இதை ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புவார். கூடவே ஒரு பொட்டலமும் வரும். இந்த முறை அம்மா மிளகாயைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். வெறும் வாயில் போட வேண்டாம், சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடச் சொல்கிறார்.