புறக்கணிப்புப் பட்டியலைச் சுருக்குங்கள்

ஆசிரியருக்கு,

பாலஸ்தீனர்களுக்கு ஆதரவாக இன்னின்ன பொருள்களை வாங்காதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் சோப்பு முதல் சாக்லேட் வரை எல்லாம் இருக்கின்றன. எந்த நிறுவனம் என்ன செய்தது என்ற ஒரு வரி மட்டும் இல்லை. காரணம் தெரியாமல் விட்ட பொருள் சில மாதங்களில் சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடும். 2005 ஜூலையில் 170-க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் விடுத்த அழைப்பில் பிறந்த பி.டி.எஸ். (புறக்கணிப்பு, முதலீட்டு விலக்கல், தடை) இயக்கமே நீண்ட பட்டியலை விரும்புவதில்லை. ஆக்கிரமிப்போடு நிறுவனத்துக்குள்ள தொடர்பு நேரடியானதா, நெருக்கினால் பணிய வாய்ப்புண்டா என்று பார்த்துச் சில பெயர்களையே இலக்காக வைக்கிறது.

'பார்கோடு 729-இல் தொடங்கினால் இஸ்ரேல் பொருள்' என்ற குறிப்பும் பாதிதான் சரி. விற்கும் நிறுவனம் பார்கோடு எண்களை வழங்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையில் பதிவு செய்திருக்கிறது என்பதைத்தான் அந்த இலக்கங்கள் சொல்லும். சரக்கு எங்கே விளைந்தது என்பதை அல்ல. இஸ்ரேலியப் பேரீச்சம்பழம் மூட்டையாகப் போய் நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் பெட்டியில் ஏறினால் எண் 87-இல் தொடங்கும். எனவே 'விளைந்த நாடு' என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும். 'ஜோர்டான் ரிவர்' என்ற பெயரைப் பார்த்து ஜோர்டான் நாட்டுப் பழம் என்று எண்ணுவோர் உண்டு. அது ஹதிக்லைம் என்ற இஸ்ரேலியக் கூட்டுறவின் பிராண்ட். இன்னொரு பக்கம், மேற்குக் கரையின் ஜெரிக்கோ வட்டாரத்தில் பாலஸ்தீனர்களும் மெஜூல் என்ற பேரீச்சை வகையைப் பயிரிடுகிறார்கள். மெஜூல் என்றாலே ஒதுக்கினால் அடி விழுவது அவர்கள் மேல். இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதியின் குடியேற்றங்களில் விளைந்த உணவுப்பொருளில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஒன்றியத்துக்கு வெளியே அந்தத் தீர்ப்பு செல்லாது. அங்கெல்லாம் பெட்டியில் 'இஸ்ரேல்' என்று மட்டுமே இருக்கலாம்.

கடைக்காரரிடம் பேசுவதற்கும் காலம் உண்டு. மெஜூல் அறுவடை பெரும்பாலும் அக்டோபருக்குள் முடிகிறது. ரமலான் சரக்குக்கு மொத்த வியாபாரிகள் மாதங்களுக்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். நோன்பு தொடங்கியபின் சில்லறைக் கடையில் சண்டை போட்டால், ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய சரக்கு அவர் தலையில் விடியும், அவ்வளவுதான். பெட்டியில் உள்ள பேக்கிங் நிறுவனத்தின் பெயர், விளைந்த நாடு, தொகுதி (பேட்ச்) எண் ஆகியவற்றைப் படமெடுத்து, கொள்முதல் செய்பவருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். மாற்றாக எதை வாங்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அவர் படிப்பார்.

உணவகச் சங்கிலிகளில் சிக்கல் இன்னும் அதிகம். 2023 அக்டோபரில் இஸ்ரேல் ராணுவத்தினருக்கு இலவச உணவு தந்தது மெக்டொனால்ட்ஸின் இஸ்ரேல் உரிமதாரர், அதாவது அந்தப் பெயரில் அங்கே கடை நடத்த உரிமம் பெற்றவர். அதே பெயரில் சவூதியிலும் குவைத்திலும் கடை நடத்துபவர்கள் காஸாவுக்கு நன்கொடை அறிவித்தார்கள். வாடிக்கையாளர் வராவிட்டால் முதல் நட்டம் உள்ளூர் உரிமதாரருக்கு. விற்பனையில் பங்காகப் போகும் ராயல்டி குறைந்த பிறகே தலைமையகத்துக்கு உறைக்கும். உறைக்கவும் செய்தது: 2024 ஏப்ரலில் இஸ்ரேலின் 225 கடைகளையும் தாய் நிறுவனமே திரும்ப வாங்குவதாக அறிவித்தது. மறுபக்கம், ஸ்டார்பக்ஸ் 2003-லேயே இஸ்ரேலை விட்டு வெளியேறிவிட்டது. ஆனாலும் பாலஸ்தீன ஆதரவுப் பதிவு ஒன்றையொட்டித் தன் ஊழியர்களின் தொழிற்சங்கத்துடன் மூண்ட வழக்கால் புறக்கணிப்பில் சிக்கியது. 2024 மார்ச்சில் அதன் மத்தியக் கிழக்கு உரிமதாரரான குவைத்தின் அல்ஷாயா இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது. இலக்கை அலசாமல் இறங்கினால் விலை கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

ஹெச்.பி. பிரின்டரைத் தெருவில் போட்டு உடைக்கும் வீடியோக்களையும் பார்க்கலாம். விலை எப்போதோ நிறுவனத்துக்குப் போய்விட்டது. தொடர்ந்து போவது மைக்கான பணம். வேறு நிறுவன கார்ட்ரிட்ஜ் போடுங்கள். ஆனால், கார்ட்ரிட்ஜில் வேறு நிறுவனச் சிப்பைக் கண்டால் வேலை செய்ய மறுக்கும் மென்பொருளைப் பல மாடல்களில் அந்நிறுவனம் வைத்திருக்கிறது, புதுப்பிப்பு வந்ததும் நேற்றுவரை ஓடிய கார்ட்ரிட்ஜ் நின்றுபோகும். தானியங்கிப் புதுப்பிப்பைப் பிரின்டரின் செட்டிங்ஸில் முதலிலேயே நிறுத்திவிடுங்கள். அலுவலகம், கல்லூரி என்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தைக் கேட்டறிந்து அதற்கு முன் மனுக் கொடுப்பது நூறு வீடுகளின் முடிவைவிடப் பலன் தரும்.

பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதை யாரும் செய்வதில்லை. இஸ்ரேல் கால்பந்துச் சங்கத்துடனான பூமா விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் விளம்பர ஒப்பந்தம் 2024-இல் முடிந்தது. புறக்கணிப்பால் அல்ல, முன்பே எடுத்த முடிவு என்று நிறுவனம் சொன்னது, சொல்லிவிட்டுப் போகட்டும். நிபந்தனை நிறைவேறிய பிறகும் பழைய பட்டியல் அப்படியே சுற்றினால், அடுத்த நிறுவனம் எதற்காக மாற வேண்டும்? தங்கள் நாளிதழ் இத்தகைய பட்டியலை வெளியிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குற்றச்சாட்டு, நிறுவனத்தின் பதில், எது நடந்தால் பெயர் நீங்கும், கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகிய நான்கையும் அச்சிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்