தொலைதூரக் கல்வியும் எங்க ஒத்த ரூமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாராவியில இருந்து எழுதுறேன். இப்போ யார்கிட்ட தொலைதூரக் கல்வின்னு சொன்னாலும் உடனே "ஆன்லைன் கிளாஸா?"ன்னு கேக்குறாங்க, ரெண்டும் ஒண்ணுன்னே ஆயிடுச்சு. நான் தபால்ல படிச்சவ, என் பொண்ணு லேப்டாப்ல படிக்கிறா, வெளிய ரெண்டுக்கும் ஒரே பேரு, ஆனா நாங்க பட்ட பாடு வேற வேற, அதைச் சொல்லணும்னுதான் இந்த லெட்டர்.

எனக்கு ஊர் திருநெல்வேலி பக்கம். அங்க பொம்பளப் பிள்ளைங்களுக்கு தூரம்ங்கிற வார்த்தைக்கே வேற அர்த்தம், வீட்டுக்குத் தூரம்னா மூணு நாள் திண்ணையில தள்ளி உக்காரணும். அப்படி முதல் தடவை உக்கார வச்ச வருஷமே என்கூடப் படிச்ச பல பேருக்குப் பள்ளிக்கூடமும் நின்னு போச்சு. எங்கப்பா என்னைப் பிளஸ் டூ வரைக்கும் விட்டதே பெரிய விஷயம், காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறணும்னு அதோட நிறுத்திட்டாங்க. 1988ல கல்யாணமாகி இங்க வந்தேன், அப்போ பம்பாய்.

1990ல மதுரை காமராஜர் யுனிவர்சிட்டியில தபால் வழியில பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். அங்க 1971லயே அது ஆரம்பிச்சாச்சு, டெல்லி யுனிவர்சிட்டியில அதுக்கும் முன்னாடி 1962ல. நாங்க தபால் வழின்னு முழுசா சொல்ல மாட்டோம், கரஸ்னுதான் சொல்லுவோம். பாடம் கட்டா வரும், போஸ்ட்மேன் சந்து முனையில நின்னு "மதராஸி பாபி, கிதாப் ஆயா"ன்னு இந்தியில சத்தம் போடுவாரு, மதராஸி அண்ணி, புக் வந்துடுச்சுன்னு அர்த்தம். ஜூலை மழையில நனைஞ்சு வந்தா ஸ்டவ் பக்கத்துல வச்சு ஒவ்வொரு பக்கமா காய வைப்பேன். 1993 ஜனவரி கலவரத்தப்போ நாள் கணக்கா கதவைத் திறக்காம உள்ளயே கிடந்தோம், வேற எதையும் நினைக்கக் கூடாதுன்னு இலக்கணப் பாடத்தை மறுபடி மறுபடி படிச்சேன், இன்னும் மறக்கல. பரீட்சைக்கு ரெண்டு ராத்திரி ரயில்ல ஊருக்குப் போகணும். சந்தேகம் வந்தா கேக்க ஆள் கிடையாது. ஆனா புக் என் கையில இருந்துச்சு, பாத்திரம் எல்லாம் கழுவிட்டு பதினோரு மணிக்கு எடுத்தாலும் அது எனக்காகக் காத்துட்டு இருக்கும், பக்கத்துல யார் தூங்குறா யார் குறட்டை விடுறாங்கிறது அதுக்கு ஒரு பிரச்சனையே இல்ல.

டிகிரி வாங்கிட்டு வேலை கேட்டுப் போனா "கரஸா?"ன்னு முகத்தைச் சுளிப்பாங்க. ரெகுலர்ல படிச்சதும் இதுவும் சமம்னு யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடுற யுஜிசி 2022 செப்டம்பர்ல தெளிவாச் சொல்லிடுச்சு, நல்ல விஷயம், எனக்குத்தான் வயசு போயிடுச்சு.

நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. மாநில யுனிவர்சிட்டி எதுவும் தன் மாநிலத்தைத் தாண்டி ஸ்டடி சென்டர் நடத்தக் கூடாதுன்னு 2013ல யுஜிசி கறாரா சொல்லிடுச்சு. காசுக்கு டிகிரி வித்தவங்க இருந்தாங்க, அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா தூரத்துல இருக்கறவங்களுக்குன்னே உண்டான படிப்புக்கு மாநில எல்லையில கோடு போட்டா, மும்பையில இருந்துகிட்டு தமிழ்ல படிக்க ஆசைப்படுறவங்க எங்க போவாங்க? ஆன்லைன் படிப்புக்கு அந்த எல்லை கிடையாது, அதனாலதான் என் பொண்ணும் அதுல சேர்ந்தா.

பாடம் கேக்குறதுல அவளுக்குக் கஷ்டமே இல்ல, சயான்ல டிரெய்ன் ஏறினா தானே வரைக்கும் காதுல மாட்டிக்கிட்டு கேட்டுடுவா, புரியலேன்னா திரும்பப் போட்டுக் கேப்பா, எனக்கு அது கிடைக்காத பாக்கியம். கஷ்டம் பரீட்சையிலதான். வீட்டுல கேமரா முன்னாடி உக்காந்து எழுதணும், ரூம்ல வேற ஆள் இருக்கக் கூடாது, குரல் கேக்கக் கூடாது. எங்க வீடே ஒரு ரூம்தான் சார். அவ அப்பா, தம்பி, என் மாமியார், நான் நாலு பேரும் மூணு மணி நேரம் வெளிய வாசப்படியில உக்காந்தோம். தண்ணி வந்த நேரம் வேற, பக்கத்து வீட்டுக் குடம் உருண்ட சத்தத்துக்கு ஒரு வார்னிங், மாமியார் இருமினதுக்கு இன்னொரு வார்னிங், அவ அழுதுகிட்டே எழுதி முடிச்சா. அந்தப் படியில உக்காந்திருந்தப்போ எனக்கு ஊர்த் திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு. நான் படிச்சப்போ தூரம் மும்பைக்கும் மதுரைக்கும் நடுவுல இருந்துச்சு, இப்போ அது எங்களுக்கும் எங்க பிள்ளைக்கும் நடுவுல ஒரு கதவா வந்து நிக்குது.

யுஜிசியோட 2020 விதியிலயே தொலைநிலைக் கல்வி வேற, ஆன்லைன் கல்வி வேறன்னுதான் பிரிச்சு வச்சிருக்காங்க. அதனால யுனிவர்சிட்டிகள் எல்லாத்தையும் ஆன்லைன்ல தள்ளிட்டு கை கழுவ வேண்டாம், அச்சுப் புத்தகம் வேணும்னு கேக்குறவங்களுக்கு அனுப்புங்க, வீட்டுல இடம் இல்லாதவங்களுக்கு ஒரு சென்டர்ல போய் எழுத வழி பண்ணுங்க. அது ஆகறதுக்குள்ள மும்பையில இருக்குற தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் பரீட்சை நாள்ல ஒரு ரூமைத் திறந்து விட்டா போதும். எங்க சந்துல மட்டும் இப்படிப் படிக்கிற பிள்ளைங்க அஞ்சு பேர் இருக்காங்க. அடுத்த பரீட்சை டிசம்பர்ல. இடம் குடுத்தா சேர் நாங்களே கொண்டு வர்றோம், கூட்டிப் பெருக்கிக் குடுத்துட்டும் வர்றோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தாராவி, மும்பை