தயார் நிலையில் நிற்கும் பொக்லைன் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் நீலகிரிப் பக்கத்தில் தவறாமல் ஒரு செய்தி வரும். மணல் மூட்டைகள் இத்தனை, மரம் அறுக்கும் இயந்திரங்கள் இத்தனை, பொக்லைன்கள் இத்தனை தயார் நிலையில் இருக்கின்றன என்று. அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் வேண்டும் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். அந்த பொக்லைன்களின் பேட்டரி இன்று எத்தனை வோல்ட் காட்டுகிறது?

கோத்தகிரியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஜீப், பிக்கப் எல்லாம் பார்ப்பதுதான் தொழில் என்றாலும், இப்போது மினி பொக்லைன்களுக்கான அழைப்புகள் நிறைய. பெரிய இயந்திரம் நுழையாத எஸ்டேட் பாதையிலும், வீட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவிலும் இவைதான் போகும். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் நடந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஒரு ராத்திரியில் ஆபரேட்டர் சாவியைத் திருப்பி, இன்ஜின் சுற்றாமல் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் எத்தனை பொக்லைன் இருந்து என்ன பயன்?

தயார் நிலையில் நிறுத்தி வைப்பதே பேட்டரிக்குக் கெடுதல் என்பது பலருக்குத் தெரியவில்லை. சாவியை எடுத்துவிட்டாலும் ஜி.பி.எஸ். கருவி, கடிகாரம், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்பது மிகச் சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), 30 நாளைக்கு 36. பேட்டரியே 80 ஆம்பியர்-ஹவர்தான் என்றால் கிட்டத்தட்ட பாதி தீர்ந்துவிட்டது. யாரும் தொடவில்லை, எதுவும் பழுதாகவில்லை, ஆனால் வண்டி எழாது. அதோடு நம் ஊர்க் குளிரும் சேர்கிறது. உறைநிலைக்குப் பக்கத்தில் போனால் பேட்டரியின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் கேட்கும். மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய வண்டி ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தாவில் மார்கழிக் காலையில் ஏன் படுத்துக்கொள்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

“அண்ணா, பேட்டரி போச்சு, புதுசு வாங்கிட்டு வந்துடவா?” என்றுதான் போனில் பேச்சே தொடங்கும். தம்பி, முதலில் மீட்டரை வை என்பேன். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பேட்டரியின் இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. வண்டியை நிறுத்திய உடனே பார்த்தால் 13 வரைகூடக் காட்டும், அதை நம்பக் கூடாது. அது மேலோட்டமான சார்ஜ். அவசரம் என்றால் ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது முக்கியம். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது? 12.6 காட்டும் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதற்குள் சத்து இல்லை, அல்லது செல்ஃப் மோட்டாரே மாட்டிக்கொண்டு அளவுக்கு மீறி இழுக்கிறது. விழாமல் 11-க்கு மேலேயே நின்று, அப்படியும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது.

எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இதைத்தான் பார்த்தேன். அந்த மினி பொக்லைனுக்கு ஒரே வருடத்துக்குள் இரண்டாவது புதுப் பேட்டரி போட்டிருந்தார்கள். அப்படியும் காலையில் எழவில்லை. பேட்டரியில் 12.5 இருந்தது. செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்தேன். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 2-க்கு மேல் காட்டியது. எர்த் கேபிள் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயின்ட்டும் துருவும் ஒன்றாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இடத்தில் அப்படித்தான் ஆகும். எமரி தாளால் இரும்பு மினுங்கத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவியதும் முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த காசு அந்த முதலாளிக்குத் திரும்பி வருமா? விற்ற கடைக்காரர் ஒரு நிமிடம் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும் விட்டுவிடக் கூடாது. இன்ஜினைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, எல்லா விளக்கும் போட்டு அளந்தால் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், அப்புறம் டைனமோவின் பின்பக்க வயர். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும். சில வண்டிகளில் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் பல்பு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகும். அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் போனால் டைனமோ சார்ஜ் ஏற்றாது. சாவி போட்டதும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். மண் அள்ளும் இடத்தில் ராத்திரி முழுக்க இன்ஜினை மெதுவேகத்தில் விட்டு விளக்குகளை எரியவிடுவதும் நல்லதல்ல. அந்த வேகத்தில் டைனமோ தருவதைவிட விளக்குகள் தின்பது அதிகமாகிவிடலாம்.

புது வண்டிகளில் வோல்ட் குறைந்தாலே கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாக எரர் கோடு (பிழைக் குறியீடு) காட்டத் தொடங்கும். அதை நம்பி சென்சார் சென்சாராக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியைச் சரிசெய்து, அந்த எரர் கோடுகளை அழித்து, அப்புறமும் திரும்ப வருவதை மட்டும் தேடினால் போதும்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அவசரத்தில் பக்கத்து டிப்பரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வது சைட்டுகளில் சகஜம். மினி பொக்லைன்கள் பெரும்பாலும் 12 வோல்ட், பல டிப்பர்களும் பெரிய இயந்திரங்களும் 24 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் கருகும், பேட்டரி வெடிக்கவும் வாய்ப்புண்டு. வோல்ட் ஒன்றாக இருந்தாலும் கடைசியாக மாட்டும் நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, வெறும் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு, ஒரு பொறி போதும். பீடி பற்றவைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

நம் மாவட்டத்தில் பொக்லைனை வேலைக்கு இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மலையைக் காக்க அது அவசியம், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதனாலேயே பல வண்டிகள் வாரக்கணக்கில் சும்மா நிற்கின்றன, சார்ஜும் இறங்குகிறது. ஆகவே பேரிடர்ப் பணிக்கு வண்டிகளைப் பட்டியல் எடுக்கும்போது நின்ற நிலை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் இரண்டையும் தேதியோடு எழுதி வாங்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரமாவது வேலை வேகத்தில் ஓட்டட்டும். இல்லையென்றால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்து வைக்கட்டும். இன்ஜின் ஓடும்போது மட்டும் அதைத் தொடக் கூடாது, டைனமோவின் டயோடு போய்விடும். அளப்பதற்கு ஆள் இல்லை என்றால் அரசு ஐ.டி.ஐ. மாணவர்களை அழைக்கலாம், அவர்களுக்கும் அது பயிற்சி. கோத்தகிரி வட்டாரத்து வண்டிகளுக்கு நானே மீட்டரோடு வருகிறேன், கூலி வேண்டாம். அக்டோபர் முதல் வாரத்திலேயே இது நடக்க வேண்டும். அந்த வோல்ட் கணக்கையும் உங்கள் நாளிதழ் எண்ணிக்கையோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.