தம்புராக்களைக் காப்பாற்றியவருக்கு

கல்லூரி திறப்பதற்கு முந்தைய நாள் இசை அறைக்குப் போனேன். புது ஆண்டுக்கான பாடத்திட்டம், கால அட்டவணை எல்லாம் தயார். விடுமுறைக்கு முன் 3 தம்புராக்களையும் சன்னலோரச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனது மட்டும் அன்று காலைதான் உறைத்தது. இடையில் பெய்த மழையில் அந்தச் சுவர் ஊறி உப்பியிருந்தது. பலாமரக் குடம் ஈரம் குடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம்.

தம்புராக்கள் அங்கே இல்லை. எதிர்மூலையில், மேசைமீது, பழைய போர்வைக்குள் படுத்திருந்தன. தந்திகளை அளவாகத் தளர்த்தியிருந்தீர்கள். தந்திகளுக்கு அடியில் செருகும், தளர்த்தினால் நழுவிவிடும் ஜீவா நூல்கள் 12-ஐயும் ஒரு தீக்குச்சியில் சுற்றி, காகிதத்தில் மடித்து வைத்திருந்தீர்கள். அந்த நூல் இல்லாவிட்டால் தம்புரா ரீங்கரிக்காது என்பது பாடத் தெரிந்த பலருக்கே தெரியாது! 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) அட்டவணையும் சுவரிலிருந்து இறங்கிப் பத்திரமாகச் சுருண்டிருந்தது.

அலுவலகத்தில் கேட்டேன். தற்காலிகக் காவலுக்கு வந்தவராக இருக்கலாம் என்றார்கள், பெயரைக் குறித்துவைக்கவில்லையாம். (எங்கள் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் அவ்வளவு கெடுபிடி!)

ஐயா, முதல் வகுப்பில் நீங்கள் எடுத்துவைத்த நூல்களைச் செருகித்தான் சுருதி சேர்த்தேன். மிக்க நன்றி. இதைப் படித்தால் ஒருநாள் காலை வாருங்கள். தந்தியைத் தளர்த்தும் பக்குவத்தை எங்கே கற்றீர்கள் என்று கேட்க வேண்டும்.